கணவர் கித்தார், மனைவி குரல்: இசை கேள்வி பதில்

சென்ற இதழில், கணவனும் மனைவியுமாக வீட்டிலேயே உட்கார்ந்து சைக்கடெலிக் ட்ரீம் பாப் (குரலும் கித்தாரும் எதிரொலியில் கரைந்து, கனவில் மிதப்பதுபோலக் கேட்கிற மேற்கத்திய இசை) பாட்டு செய்வதைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதைத் தொட்டுத்தான் இந்த மாதக் கடிதங்கள் எல்லாமே. பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டிருப்பதால் ஊரை மட்டும் போடுகிறேன்.

ட்ரீம் பாப் என்று சொல்கிறீர்களே என்று போய்க் கேட்டுப் பார்த்தேன். எல்லாரும் தண்ணீருக்குள் நின்று பாடுவதுபோல இருக்கிறது. இதில் அப்படி என்ன இருக்கிறது? 'சைக்கடெலிக்னா போதை ஏத்திக்கிட்டுக் கேக்கணும், அப்பதான் புரியும்' என்கிறான் நண்பன். நிஜமா?
*கல்லூரி மாணவர், லாஸ்பேட்டை, புதுச்சேரி*

நிஜமில்லை தம்பி. 1960களில் அந்த இசை எல்.எஸ்.டி. என்ற போதைப்பொருள் பழக்கம் பரவிய காலத்தில், அதோடு சேர்ந்து வளர்ந்தது என்பது உண்மை, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் காதில் விழுகிற அந்த மயக்கம் ஸ்டூடியோவில் வேலை செய்தவர்கள் கையால் செய்தது. டேப்பைத் தலைகீழாக ஓடவிட்டார்கள், பாட்டு முழுக்க ஒரே சுருதியை ஓடவிட்டார்கள். ஒருவர் குரலையே இரண்டு பேர் பாடுவதுபோலக் காட்டுவதற்கு, 1966இல் லண்டன் ஆபி ரோடு ஸ்டூடியோவில் கென் டவுன்சென்ட் என்ற பொறியாளர் தனியாக ஒரு வழியே கண்டுபிடித்தார். அதே வருடம் வந்த பீட்டில்ஸின் 'ரிவால்வர்' ஆல்பத்தின் கடைசிப் பாட்டில் அடியில் ஓடுவது நம் தம்புராதான். மார்கழிக் கச்சேரியில் உட்கார்ந்து பாருங்கள், வித்வான் வாய் திறப்பதற்கு முன்னாலேயே தம்புரா ஆளை ஒரு மாதிரி இழுத்துக்கொண்டு போகிறதா இல்லையா? அதற்கு யாரும் மாத்திரை போட்டுக்கொள்வதில்லை.

ட்ரீம் பாப் 1980களில் வந்தது. ஸ்காட்லாந்தில் கிரேஞ்ச்மவுத் என்ற ஊரிலிருந்து வந்த காக்டோ ட்வின்ஸ் குழுவை முதலில் கேளுங்கள். கித்தார் ராபின் கத்ரி, குரல் எலிசபெத் ஃப்ரேசர், இருவரும் வாழ்க்கையிலும் ஜோடியாக இருந்தவர்கள். 1989இல் பெண் குழந்தை பிறந்தது, மறு வருடமே அவர்களுடைய மிக அழகான ஆல்பம் வந்தது, 1993இல் பிரிந்தார்கள், அதற்கப்புறமும் 1997 வரை ஒரே குழுவில் சேர்ந்து வேலை செய்தார்கள். கத்ரிக்குப் போதைப் பழக்கம் இருந்ததும், அது அந்த உறவை எவ்வளவு நோகடித்தது என்பதும் வெளிப்படையாகப் பேசப்பட்ட விஷயங்கள்தான். உங்கள் நண்பனுக்கு இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கேட்கும்போது முதலில் வார்த்தையைத் தேடாதீர்கள். பேஸ் கித்தார் எங்கே போகிறது என்று மட்டும் பிடித்துக்கொண்டு போங்கள், மூட்டமாகத் தெரிகிற பாட்டுக்குள்ளே எவ்வளவு கறாரான கட்டுமானம் இருக்கிறது என்று தானாகத் தெரியும்.

எங்கள் கல்யாணம் திருவந்திபுரத்தில் நடந்தது. அதற்கு முன்பிருந்தே இருவரும் சேர்ந்துதான் பாட்டு செய்கிறோம். கித்தார், கீபோர்டு, எல்லா ஒலியையும் அளவு பார்த்துக் கலக்கிற மிக்ஸிங் எல்லாம் என் கணவர். வரிகள் எழுதிப் பாடுவது நான், மெட்டும் பெரும்பாலும் நான் முணுமுணுத்துப் பிடிப்பதுதான். இரண்டு மனக்குறை. ஒன்று, என் குரலை ரிவெர்ப் என்ற எதிரொலி எஃபெக்டில் போட்டு அமுக்கிவிடுகிறார், கேட்டால் 'இந்த மாதிரி இசையே இப்படித்தான்' என்கிறார். என் மாமியாரே 'ஏம்மா, நீ என்னதான் பாடுற, ஒரு வார்த்தையும் புரியலையே' என்கிறார். இன்னொன்று, பாட்டை வெளியிடும்போது 'இசை' என்று அவர் பெயர், 'குரல்' என்று என் பெயர். கேட்டால் சின்னத்தனமாக இருக்குமோ என்று வாயை மூடிக்கொண்டிருக்கிறேன்.
*வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்*

கேளுங்கள் அம்மா. இன்றைக்கு ராத்திரியே கேளுங்கள், இதில் சின்னத்தனம் எதுவும் இல்லை. இந்தக் கடிதத்துக்குத்தான் இந்த மாதம் அதிகப் பக்கம் ஒதுக்கியிருக்கிறேன், ஏனென்றால் இதே சங்கதியைச் சொல்லி வேறு பெண்களும் எழுதியிருக்கிறார்கள், எல்லாருமே கடைசியில் 'பரவாயில்லை' என்று முடித்திருக்கிறார்கள். எனக்குப் பரவாயில்லை என்று தோன்றவில்லை.

முதலில் பெயர் விஷயம். மெட்டு உங்கள் வாயில் பிறந்தது என்றால் நீங்கள் இசையமைப்பாளர். நம் பதிப்புரிமைச் சட்டம், 1957, இசையை அமைத்தவர்தான் இசையமைப்பாளர் என்கிறது, அதை அவர் சுரமாக எழுதிவைத்தாரா இல்லையா என்பதைப் பற்றிச் சட்டத்துக்குக் கவலை கிடையாது. அடுப்படியில் நின்று முணுமுணுத்தாலும் மெட்டு மெட்டுதான். கித்தாரில் கார்டு (சுரக் கூட்டு) அவர் போட்டு, அதன் மேலே நீங்கள் மெட்டு பிடித்து, இது உன்னுது இது என்னுது என்று பிரிக்க முடியாதபடி ஆகிவிட்டால் அது இருவருக்கும் பொதுவான படைப்பு. வரிகள் தனிப் படைப்பு, அது முழுக்க உங்களுடையது. ஒலிப்பதிவு என்பது மூன்றாவது சங்கதி, அதற்கு உரிமை தனி. இந்த மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி 'இசை: அவர்' என்று எழுதுவதால்தான் இவ்வளவு குழப்பமும். பாட்டு பிறந்த நிமிடமே உரிமையும் வந்துவிடுகிறது, பதிவு செய்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால் ஆன்லைனில் ஏற்றும்போது இசையமைப்பாளர், பாடலாசிரியர் என்று தனித்தனிக் கட்டம் இருக்கும், அங்கே விடுபட்டால் பின்னால் ராயல்டி என்று ஒன்று வரும்போது உங்கள் பெயர் எங்கேயும் இருக்காது. 2012இல் சட்டத்தைத் திருத்தி, பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தங்களுக்கு வரவேண்டிய ராயல்டிப் பங்கை விட்டுக்கொடுக்க முடியாதபடியே செய்தார்கள். சினிமாவில் அத்தனை வருடம் இழந்ததற்குப் பிறகு போராடி வாங்கியது அது. வீட்டுக்குள் அதை நாமே கோட்டைவிடலாமா?

அமெரிக்காவில் யோ லா டெங்கோ என்று ஒரு குழு, 1984இல் தொடங்கியது. ஐரா கப்லன், ஜார்ஜியா ஹப்லி என்ற கணவன் மனைவியும் ஜேம்ஸ் மெக்னியூ என்ற நண்பரும். பாட்டுகளைத் தனி ஆள் பெயரில் பிரிக்காமல் குழுவின் பெயரிலேயே போடுவது அவர்கள் வழக்கம். அதுவும் ஒரு நல்ல ஏற்பாடு. உங்கள் இருவருக்கும் சேர்த்து ஒரு குழுப் பெயர் வைத்து, எல்லாப் பாட்டையும் அதன் கீழே, உள்ளே வரி யார் மெட்டு யார் என்ற விவரத்தோடு போடலாம். எதுவானாலும் ஒரு நோட்டு போடுங்கள். பாட்டு முடிந்த அன்றைக்கே தேதி, வரி, மெட்டு, வாத்தியம், மிக்ஸ் என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். வீட்டு வாடகைக்கு ரசீது வாங்குகிறோமே, யாரும் அதைத் தப்பாக நினைக்கிறோமா?

இப்போது ரிவெர்ப். 'இந்த இசையே இப்படித்தான்' என்பது பாதி உண்மை. மை பிளடி வேலன்டைன் குழுவின் 1991 ஆல்பத்தில் குரலை வேண்டுமென்றே கித்தாருக்குள் புதைத்திருப்பார்கள், அங்கே அது பொருந்துகிறது. ஆனால் மேலே சொன்ன காக்டோ ட்வின்ஸ் ஃப்ரேசரைக் கேளுங்கள். அவர் பாடும் சொல் பல இடங்களில் புரியாது, ஆனால் குரல் முன்னால் வந்து நிற்கும், ஒரு மூச்சு கூடத் தவறாது. சொல் மங்கலாக இருப்பது வேறு, குரலே காணாமல் போவது வேறு. உங்கள் மாமியார் சொன்னதை வீட்டுக்காரர் உதாசீனம் செய்ய வேண்டாம், அதைவிட நேர்மையான விமர்சனம் உங்களுக்கு வெளியில் கிடைக்காது.

அவரிடம் இந்தப் பத்தியைக் காட்டுங்கள். ரிவெர்பைக் குரல் ட்ராக்கின் மேலேயே போடாமல் தனி ட்ராக்கில் வைத்து, குரலிலிருந்து அதற்கு அனுப்பச் சொல்லுங்கள். அப்போதுதான் குரலையும் எதிரொலியையும் தனித்தனியாகப் பிடித்து ஏற்றி இறக்க முடியும். ரிவெர்பில் ப்ரீ-டிலே என்று ஒரு குமிழ் இருக்கும். அதைப் பூஜ்யத்தில் விட்டால் நீங்கள் 'க' என்று வாயைத் திறந்த கணமே எதிரொலியும் கிளம்பி எழுத்தை விழுங்கிவிடும். 40 முதல் 60 மில்லி செகண்ட் வரை தள்ளிவைத்தால் முதலில் சொல் வரும், அதன் பின்னால் மூட்டம் வரும். அப்புறம் அந்த ரிவெர்ப் ட்ராக்கில் 250 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள கனத்த ஒலியை வெட்டிவிடுங்கள், பாட்டைச் சேறாக்குவது பெரும்பாலும் அதுதான். மேலேயும் 7,000 ஹெர்ட்ஸ் வாக்கில் மழுக்கிவிட்டால் ச, ஷ எல்லாம் சீறாது. டிலே (பாடியதைச் சற்றுத் தள்ளித் திரும்பச் சொல்லும் எஃபெக்ட்) வைக்கிறார் என்றால் கண்ணை மூடிக்கொண்டு குமிழைத் திருகாமல் 60,000ஐப் பாட்டின் வேகத்தால் வகுக்கச் சொல்லுங்கள். நிமிடத்துக்கு 80 தாளம் என்றால் ஒரு தாளத்துக்கு 750 மில்லி செகண்ட், அரைத் தாளம் 375. இந்தக் கணக்கில் வைத்தால் எதிரொலி தாளத்தோடு நடக்கும், குரலின் காலை வாராது. நீங்கள் பாடும்போது ரிவெர்ப் தானாகத் தணிந்து, வரி முடிந்ததும் எழும்பும்படி கம்ப்ரஸரை (சத்தத்தைத் தானாகக் குறைக்கிற எஃபெக்ட்) வைத்து அமைக்கலாம். இதைச் செய்தாலே உங்கள் வழக்கில் பாதி தீர்ந்துவிடும்.

இதையெல்லாம் தொடுவதற்கு முன்னால் ஒன்று: எல்லா எஃபெக்டையும் அணைத்துவிட்டு, வெறும் குரலும் ஒரு கித்தாருமாக மாமியாரை உட்காரவைத்துப் போட்டுக் காட்டுங்கள். மறுநாள் காய் நறுக்கும்போது அவர் வாயில் அந்த மெட்டு வந்தால் பாட்டு தன் காலில் நிற்கும், அதற்கப்புறம் எவ்வளவு மூட்டம் வேண்டுமானாலும் போடலாம். வரவில்லை என்றால் ரிவெர்ப் எதையும் காப்பாற்றப் போவதில்லை. உங்கள் கணவர் மேல் எனக்குக் கோபமில்லை. கித்தாரில் அடுக்கடுக்காக ஏற்றிக்கொண்டே போவது பெரிய சந்தோஷம், அந்தச் சந்தோஷத்தில் பக்கத்தில் நிற்பவரின் குரல் எங்கே போயிற்று என்று கவனிக்காமல் விடுவது எளிது. மிக்ஸ் செய்யும்போது நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள். குரல் ட்ராக்கின் அளவு உங்கள் கையில் இருக்கட்டும், கித்தார் அவர் கையில்.

தமிழ் இந்த இசைக்கு ஒத்துவருமா? நாங்கள் இருவரும் எழுதிப் பார்த்தோம், கரடுமுரடாக இருக்கிறது.
*கடலூர் ஓ.டி. தம்பதி*

பிரமாதமாக ஒத்துவரும், ஆனால் எழுத்தைப் பொறுக்கி எடுக்கவேண்டும். 'தட்டித் தட்டித் திறந்த கதவு' என்று எழுதி அதன் மேல் மூன்று செகண்ட் ரிவெர்ப் போட்டால், ஒவ்வொரு 'ட்'டும் ஒவ்வொரு 'த்'தும் ஒரு வெடி மாதிரி கிளம்பிப் போய்ச் சுவரில் அடித்துத் திரும்பிவரும். 'மழை ஓயாத ஊரிலே' என்று எழுதுங்கள், ம, ழ, ய, ர, ல எல்லாம் மெல்லினமும் இடையினமும்தானே, ஒன்றோடொன்று வழுக்கிக்கொண்டு போகும். வரியின் கடைசியில் நெடில் வைத்தால் குரல் அங்கே நின்று மிதக்க இடம் கிடைக்கும். ஆராரோ ஆரிரரோ என்று தாலாட்டு பாடிய பாட்டிமாருக்கு இது யாரும் சொல்லிக்கொடுக்காமலே தெரிந்திருந்தது. வல்லினம் வேண்டவே வேண்டாம் என்று சொல்லவில்லை, ஒரு பாட்டில் ஒரு இடத்தில், ட்ரம் விழுகிற இடத்தில் வைத்தால் அதற்கு இருக்கிற பலமே தனி.

ரெக்கார்டிங்குக்கு உட்கார்ந்தால் சண்டையில்தான் முடிகிறது. 'இந்த டேக் (ஒரு தடவை பாடிப் பதிவு செய்தது) சரியில்லை' என்று நான் சொன்னால், சமையல் சரியில்லை என்று சொன்னதுபோல மனைவி எடுத்துக்கொள்கிறாள். பேசாமல் நிறுத்திவிடலாமா?
*வாசகர், வில்லியனூர், புதுச்சேரி*

நிறுத்தவேண்டாம் தம்பி. ஆனால் சமையலை இந்தக் கடிதத்துக்குள் இழுத்து வந்தது நீங்கள்தான், அதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். சாப்பாடு முடிந்து, பாத்திரம் கழுவி, பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டு அவர் மைக் முன்னால் வந்து நிற்கிறார், நீங்கள் அதற்குள் ஹெட்போன் மாட்டி ஒரு மணி நேரமாகக் கித்தார் சுருதி பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள் என்றால், இருவரும் ஒரே களைப்பில் தொடங்கவில்லை. ரெக்கார்டிங் உள்ள நாளில் பாத்திரத்தை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, 'சரியில்லை', 'ஃபீல் இல்லை' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லாதீர்கள். 'ரெண்டாவது வரி, மூணாவது சொல்லில் சுருதி கொஞ்சம் இறங்குது' என்று இடத்தைக் காட்டிச் சொன்னால் அது வேலை சம்பந்தமான பேச்சு, யாருக்கும் வலிக்காது. மெட்டுக்கும் குரலுக்கும் கடைசி வார்த்தை அவருடையது, கித்தாருக்கும் ட்ரம் மெஷினுக்கும் உங்களுடையது என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

லோ என்று ஒரு குழு இருந்தது. அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தில் டுலூத் ஊர், ஆலன் ஸ்பார்ஹாக், மிமி பார்க்கர். பள்ளிக்கூட வயதிலிருந்தே ஒருவரை ஒருவர் தெரிந்த கணவன் மனைவி. 1993இல் தொடங்கினார்கள். மிமி நின்றுகொண்டே, இரண்டொரு ட்ரம்மும் ஒரு சிம்பலும் மட்டும் வைத்துக்கொண்டு, பெரும்பாலும் பிரஷ்ஷால் தட்டிப் பாடுவார். கணவர் கித்தாரில் எவ்வளவு சத்தம் எழுப்பினாலும் அந்த இரண்டு குரலும் ஒட்டிக்கொண்டு போவதைக் கேட்டால் மனசு என்னவோ செய்யும். 2022 நவம்பரில் மிமி புற்றுநோயால் இறக்கும்வரை, ஏறக்குறைய முப்பது வருடம் அப்படிப் பாடினார்கள். கேலக்ஸி 500 குழு 1991இல் உடைந்தபோது அதில் ட்ரம் வாசித்த டேமன் க்ருகோவ்ஸ்கியும் பேஸ் வாசித்த நயோமி யாங்கும் இருவராகவே தொடர்ந்து பாட்டு செய்தார்கள், கூடவே ஒரு புத்தகப் பதிப்பகமும் நடத்தினார்கள். இவர்கள் வீட்டில் சண்டையே வராமல் இருந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. நீங்களும் தொடருங்கள்.

முத்தியால்பேட்டையில் மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். ராத்திரிதான் நேரம் கிடைக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் சத்தம் போடுகிறார். அறையை எப்படித் தயார் செய்வது? முட்டை அட்டை ஒட்டலாமா?
*வாசகி, புதுச்சேரி*

பக்கத்து வீட்டுக்காரர் பக்கமும் நியாயம் இருக்கிறது. 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் ராத்திரி பத்து மணியிலிருந்து காலை ஆறு மணி வரை சத்தத்துக்கு அனுமதித்த அளவு 45 டெசிபல், பகலில் 55. ஆனால் இந்த இசைக்கு ஸ்பீக்கரே தேவையில்லை. கித்தாரை ஆடியோ இன்டர்ஃபேஸில் (கித்தாரையும் மைக்கையும் கணினியோடு இணைக்கிற பெட்டி) நேராகச் சொருகி ஹெட்போனில் கேட்டுக்கொண்டால் வெளியே கம்பி தட்டுகிற சத்தம் மட்டும்தான் வரும், குரலும் ரகசியம் பேசுகிற அளவில் பாடினால்தான் அழகு.

முட்டை அட்டை வேண்டாம். கொஞ்சம் மேல்ஸ்தாயிச் சத்தத்தைத் தவிர அது எதையும் தடுக்காது, தீப்பிடித்தால் ஆபத்து வேறு. மைக் எப்போதும் பாடுபவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, அதனால் அவர் முதுகுக்குப் பின்னால் இருக்கிற சுவரிலிருந்து திரும்பிவரும் சத்தம்தான் மைக்கில் ஏறும். அங்கே ஒரு இலவம்பஞ்சு மெத்தையை நிமிர்த்தி வையுங்கள், அல்லது புடவையும் வேட்டியும் அடைத்து வைத்திருக்கிற பீரோவைத் திறந்துவிட்டு அதற்கு முதுகைக் காட்டி நின்று பாடுங்கள். மின்விசிறியை அணைக்கத்தான் வேண்டும், வேறு வழி கிடையாது. புதுச்சேரிப் புழுக்கத்தில் ஒரு சரணத்துக்கு மேல் தாங்காது என்பதால் சரணம் சரணமாக எடுங்கள், இடையில் விசிறியைப் போட்டுத் துண்டால் துடைத்துக்கொள்ளுங்கள். கடல் பக்கம் என்பதால் இன்னொன்றும் சொல்லவேண்டும். உப்புக் காற்றுக்கு எஃகுக் கம்பிகள் சீக்கிரம் கறுத்து, தடவினால் விரலில் துரு ஒட்டும், அந்தக் கம்பியில் எவ்வளவு கோரஸ் எஃபெக்ட் போட்டாலும் மினுமினுப்பு வராது. வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் ஒவ்வொரு கம்பியையும் கீழ்ப்பக்கமும் சேர்த்துத் துடைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு உறைக்குள் வைத்து மூடுங்கள். கம்பி வாங்கும்போது மேல்பூச்சு உள்ளதாகக் கேட்டு வாங்கினால் விலை கூடுதல்தான், ஆனால் நம் ஊருக்கு அதுதான் சரி.

மேடையில் வாசிக்க ஆசை. எங்கே தொடங்கலாம்?
*தம்பதி, முதலியார்பேட்டை*

ஜூன் 21, உலக இசை நாள். 1982இல் பிரான்ஸில் தொடங்கிய பழக்கம், பிரெஞ்சுத் தொடர்பால் புதுச்சேரியிலும் கொண்டாடுகிறார்கள். பெரிய பெயர் உள்ளவர், புதியவர் என்று பார்க்காமல் யாரும் வாசிக்கலாம் என்பதுதான் அந்த நாளின் வழக்கமே, அதனால் முன்கூட்டியே விசாரித்துப் பெயரைக் கொடுத்துவிடுங்கள்.

சவுண்டு சர்வீஸ்காரரிடம் முன்னதாகவே ஒன்று சொல்லிவிடுங்கள். எஃபெக்ட் எல்லாம் எங்கள் கால் பெடலிலிருந்தே வரும், அண்ணே, நீங்கள் தனியாக எக்கோ போடவேண்டாம் என்று. கோயில் திருவிழா மேடைக்குப் பழகியவர்கள், அன்பாலேயே ஒரு கை சேர்த்துப் போட்டுவிடுவார்கள். உங்கள் பாட்டே உங்களுக்குக் கேட்பதற்காக முன்னால் இருக்கும் மானிட்டர் ஸ்பீக்கரில் ரிவெர்ப் துளியும் வரக்கூடாது, வந்தால் மைக் அதை மறுபடி வாங்கி ஊளையிடும், சுருதியும் பிடிபடாது. ஒத்திகை பார்க்கும்போது முதலில் குரலை வைத்து அளவு பார்க்கச் சொல்லுங்கள், கித்தார் அதற்கு அப்புறம்.